எலெஸ்கோ ஹீட்டர் குழாய்கள்: பம்பில் நாலு இணைப்பு, எது எங்கே போகிறது?

கேள்வி:
ஹெச்.ஓ. அளவில் (1:87) லைமா ஏ-1 நீராவி இன்ஜினின் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். 1925-ல் போஸ்டன் & ஆல்பனி தடத்தில் ஓட்டிக் காட்டிய அதே 2-8-4 (முன்னே 2, நடுவே 8, பின்னே 4 சக்கரங்கள்). பாய்லரின் முன்முனையான புகைப்பெட்டியின் நெற்றியில், பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் எலெஸ்கோ ஃபீட்வாட்டர் ஹீட்டர் உருளையை ஒட்டியாகிவிட்டது. இடப்பக்கம் பம்பும் உட்கார்ந்துவிட்டது. பம்பிலிருந்து நேராக பாய்லருக்கு ஒரு கம்பியை இழுத்து ஒட்டி, பெருமையாக மனைவியிடம் காட்டினேன். "அப்போ மேலே இருக்கிற உருளைக்குத் தண்ணி எப்படிப் போகும்?" என்றாள். பதில் இல்லை. என்னிடம் இருப்பது நிழல் விழுந்த இரண்டு பழைய படங்கள்தான். யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, வீட்டம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நான் சர்க்கரை ஆலை பாய்லர் ஹவுஸில் ஃபிட்டராக இருந்தவன். படம் தெளிவாக இல்லையென்றால் தண்ணீரோடு கூடவே நடந்து போவேன்.

பம்பின் தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு இணைப்பு. ஒன்று டெண்டரிலிருந்து (இன்ஜினுக்குப் பின்னால் வரும் தண்ணீர், எரிபொருள் வண்டி) உறிஞ்சுவது. மற்றது ஹீட்டருக்குத் தள்ளுவது. ஹீட்டருக்குள் தண்ணீர் சிறு குழாய்களில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வரும். அதனால் நுழைவதும் வெளியேறுவதும் பெரும்பாலும் ஒரே முனையில்தான். அங்கிருந்து இறங்கி பாய்லரின் செக் வால்வில் (தண்ணீரை உள்ளே மட்டும் விடும் வால்வு) முடியும். நீ ஒட்டிய கம்பி அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான்!

நீராவிப் பக்கத்திலும் இரண்டு. கேபிலிருந்து (டிரைவரும் ஃபயர்மேனும் இருக்கும் அறை) வருவது பம்பை ஓட்டும் நீராவி. ஃபயர்மேன் அதன் வால்வைத் திறந்தால்தான் பம்ப் ஓடும். இன்னொன்று பம்பின் கழிவு நீராவி.

தண்ணீரைச் சுடவைப்பது சிலிண்டரில் வேலை முடித்த நீராவி. அழுத்தம் குறைவு, பருமன் அதிகம். அதனால் அந்தக் குழாய் தண்ணீர்க் குழாயைவிடத் தடிமன். பல பேர் இங்கேதான் ஒரே கம்பியை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று தலையைச் சொறிவார்கள். சில இன்ஜின்களில் அது புகைப்பெட்டிக்குள்ளேயே ஏறிவிடும், வெளியே தெரியாது. உன் படத்தில் முதலில் அதைப் பார்.

அப்புறம் ஒன்று. ஹீட்டரில் குளிர்ந்து தண்ணீராகும் அந்த நீராவி டெண்டருக்குத் திரும்பும், வழியில் சிலிண்டர் எண்ணெயைப் பிரித்துவிட்டு. அது தானாக வடிந்து போவது. ஹீட்டரை விட்டதும் எங்கேயும் மேலே ஏறாமல் சரிவாக இறக்கு.

பதில் 2:
கம்பி விஷயம் நான் சொல்கிறேன். 3 அங்குலக் குழாய் 1:87-ல் 0.88 மி.மீ. அரை சதுர மி.மீ. ஒற்றைச் செம்புக் கம்பி 0.8 மி.மீ. வரும், கிட்டத்தட்டச் சரி. பம்புக்கான நீராவிக் குழாய்க்குப் பழைய டெலிபோன் கேபிளின் 0.5 மி.மீ. கம்பி போதும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் சற்றே நீளும்வரை இழுங்கள், நெளிவெல்லாம் போய்விடும். வளைவுகளை முதலில் ஈயக் கம்பியில் வளைத்துப் பார்த்துவிட்டு, பிறகு செம்பை வெட்டுங்கள்.

ஆமாம், வலப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அங்கே, பம்ப் இல்லாமல் நீராவியாலேயே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர் இருக்கும். அதற்குத் தனிக் குழாய். இதே லைமா ஏ-1 ஆனாலும், வொர்திங்டன் ஹீட்டர் போட்ட வேறு இன்ஜின் ஆனாலும் அது உண்டு. ஆனால் வொர்திங்டன் படத்தைப் பார்த்து இதற்குக் குழாய் போட்டுவிடாதீர்கள். அதில் நீராவி தண்ணீரோடு நேரடியாகக் கலந்துவிடும், டெண்டருக்குத் திரும்பும் இந்த வடிகுழாய் கிடையாது.

கேள்வி கேட்டவர்:
ஒட்டியதைப் பிய்த்துவிட்டேன், கூடவே கைப்பிடிக் கம்பி ஒன்றும் வந்துவிட்டது. படத்தை உருப்பெருக்கியில் பார்த்ததில், நான் நிழல் என்று நினைத்த தடித்த கோடு குழாய்தான் போலிருக்கிறது. சார், வடிகுழாய் டெண்டருக்குத் தாண்டும் இடத்தில் ரப்பர் ஹோஸ் மாதிரி எதையாவது வைக்கவேண்டும் அல்லவா? மின் கம்பியின் உறையை உருவிப் பார்க்கிறேன்.