மக்காச்சோளத்துக்கு யூரியா: உங்க காட்டுல நடந்ததைச் சொல்லுங்க

குடிமங்கலத்தான்:
மூணாந் தடவைக்கு மேல ரெண்டு மூட்டை சேத்தி இறைச்சேனுங். மூட்டை 266 ரூபா 50 காசு, ரெண்டுக்கும் 533. அதுல என்ன குடி முழுகுதுன்னு நெனப்பு. காடு கருகருன்னு நின்னுச்சு. கதிர் பால் புடிக்கறப்ப ஆடிக்காத்து. ராத்திரி கட்டில்ல படுத்திருக்கறேன், காட்டுக்குள்ள படக் படக்னு சத்தம். பன்னி பூந்துருச்சுன்னு டார்ச்ச எடுத்துட்டு ஓடுனேன். பன்னி இல்லீங், பயிர் ஒடியுது. அறுப்பு மிசின்காரன் உள்ளயே வல்லீன்னுட்டான். ஆள் உட்டு பொறுக்குன கூலிக்கே சரியாப் போச்சு.

பல்லடத்து மாமன்:
யூரியா மேல பழி போடாதீங்க தம்பி, தூருக்கு மண் அணைச்சிருக்க மாட்டீங்க. ஒரு வருசம் நான் மேலுரமே போடாம உட்டு, அடியெல நுனியிலிருந்து நடுநரம்போட மஞ்சளாகி, கதிர் நுனியில மணியே இல்ல. எங்கதை அவ்வளவுதான். கணக்கைக் கேளுங்க: தண்ணி பாய்ச்சற இறவையில வீரிய ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது எக்டேருக்கு தழைச்சத்து 250, மணிச்சத்து 75, சாம்பல்சத்து 75 கிலோ. ஏக்கருக்குத் தழை 100. யூரியாவுல தழை 46 சதம், 45 கிலோ மூட்டையில 20 கிலோ சொச்சம். அப்ப அஞ்சு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. டிஏபி உரம் போட்டிருந்தா அதுலயும் 18 சதம் தழை இருக்கு, கழிச்சுக்கோணும். அடியுரமாக் கால், 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் கால். போட்ட கையோட மண் அணைச்சுத் தண்ணி கட்டுங்க. வெயில்ல மேலாப்புல கெடந்தா ஆவியாப் போயிரும்.

காங்கேயத்து அம்மிணி:
ஏனுங் மாமா, யாரு கணக்குக் கேட்டா? நான் வெடியால பனியோட இறைச்சேன். குருத்துக்குள்ள உழுந்த குருணை அங்கயே கரைஞ்சு, மூணாம் நாள் எலை வெளுத்துத் தீஞ்சு கெடந்துச்சு. எங்க மாமியா ஒண்ணும் பேசல. தீஞ்ச எலை ஒண்ணப் பிச்சுட்டு வந்து சோத்துத் தட்டு பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அவிநாசி ரோடு:
நம்மூர்க் கடையில நாலு மூட்டை கேட்டா, கூட ரெண்டு பாட்டில் மருந்து எடுத்தாத்தான் குடுப்பேங்கறான். இதுல எங்கிருந்து அஞ்சு!

குடிமங்கலத்தான்:
மாமா, மண் அணைச்சுத்தானுங் இருந்துச்சு. வேரோட சாயல, நடுத்தண்டுல ஒடிஞ்சுது.

பல்லடத்து மாமன்:
தண்டுக்கு வலு குடுக்கறது சாம்பல்சத்துதானுங். பொட்டாஷ் போட்டீங்களா?

குடிமங்கலத்தான்:
இல்லீங்.