புதுப்பிப்பு: அரிசி ஆலை கழிவுநீர் நாற்றம், உயிர்வடிகட்டி இப்போது வேலை செய்கிறது

மன்னார்குடி பக்கம் எங்கள் புழுங்கல் அரிசி ஆலையில், கழிவுநீர்த் தொட்டியின் அழுகல்முட்டை நாற்றத்துக்காக வைத்த உயிர்வடிகட்டி (நாற்றக் காற்றை ஊதிவிட்டால் நுண்ணுயிர்கள் நாற்றத்தைத் தின்னும் தேங்காய்நார், தொழுவுரப் படுகை) பலன் தரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, "காற்றை முதலில் நனையுங்கள்" என்ற யோசனைதான். மேலே தண்ணீர் தெளித்ததில் மேல்நார் மட்டும் சொதசொத; காற்று நுழையும் அடிப்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. இப்போது ஊதுவிசிறிக்கு அப்புறம் ஒரு டிரம்மில் நீர்த்தூவல். படுகை ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரம் ஆனது. அதுவரை மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

எதிர்பாராதது: படுகையின் வடிநீரில் லிட்மஸ் தாள் சிவந்தது. அழுகல்முட்டை நாற்ற வாயுவான ஹைட்ரஜன் சல்பைடைத் தின்னும் பாக்டீரியா கந்தக அமிலத்தை விடுகிறதாம். நாகப்பட்டினம் கிளிஞ்சலை உடைத்துப் படுகையில் கலந்தோம், அமிலம் அடங்கியது. நாற்றத்தை உறிஞ்சச் சிலர் சொன்ன கரி தேவைப்படவில்லை.