அப்டேட்: மச்சான் அடிதடி கேஸ்ல தீர்ப்பு வந்துருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பாம்பன்ல வலை அறுந்த தகராறுல மச்சான் ஒருத்தர அடிச்சு கேஸாயிருச்சு, ஜெயில்தானான்னு. ஜெயில் இல்லப்பா. குத்தவாளின்னுதான் தீர்ப்பு, ஆனா முதல் கேஸுங்கறதால 1958 நன்னடத்தைச் சட்டம் 4வது பிரிவுல ஒரு வருஷத்துக்கு ஒழுங்கா இருப்பேன்னு பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க, 3 வருஷம் வரைக்கும்கூட போடலாமாம். அதுக்கு முன்னாடி நன்னடத்தை அலுவலர் தெருவுல விசாரிச்சப்ப மீன் விக்கிற அத்தைங்க எல்லாம் தங்கமான புள்ளன்னு சொல்லிருக்காங்க (எங்கிட்ட வேற மாதிரில்ல சொல்லுவாங்க!). அபராதம் இல்லன்னு சந்தோஷப்பட்டது அரைமணி நேரந்தான், 5வது பிரிவுல அடிபட்டவருக்கு நஷ்டஈடு, கோர்ட் செலவு ரெண்டும் கட்டச் சொல்லிட்டாங்க, வலை வாங்க வச்சிருந்த காசு அதுக்கே போச்சு. பாண்டை முதல் தடவ மீறுனா 50 ரூவா வரைக்கும் அபராதத்தோடயும் விடலாம், இல்ல பழைய குத்தத்துக்கே தண்டனையும் குடுக்கலாம், அது ஜட்ஜ் கையில.