அம்மாவின் கை வீக்கம்: யானைக்கால் மாத்திரை பயன்படுமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி)
என் அம்மாவுக்கு வயது 58. மூன்றாண்டுகளுக்கு முன் இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்து, பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். சம்பா நடவு முடிந்த வாரத்திலிருந்து இடது கை கனக்கிறது என்றார். இப்போது வளையல் ஏறவில்லை. உள்ளூரில் நீர் பிரிவதற்கான மாத்திரை கொடுத்தார்கள், பத்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை. அக்கம்பக்கத்தார் இது யானைக்கால் வகை என்று கூறி அந்த மாத்திரையை வாங்கச் சொல்கிறார்கள். அம்மாவோ புற்றுநோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டிச் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (இயன்முறை மருத்துவர், தஞ்சாவூர்)
சகோதரி, நீங்கள் கூறுவதைப் பார்த்தால் இது சிகிச்சைக்குப் பின் வரும் நிணநீர் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் புதிதாக வந்த வீக்கம் என்பதால், இரத்தக் கட்டியோ நோயின் மறுவரவோ இல்லை என்பதை அறுவை செய்த மருத்துவமனையில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு தேவையோ அவ்வளவு வடிகாலும் தேவை என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் மீதமாவதை, அதிலுள்ள புரதத்தோடு சேர்த்து, மீண்டும் இரத்தத்துக்குக் கொண்டுசெல்லும் வடிகால்தான் நிணநீர் மண்டலம். கையின் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் வழியாகவே செல்கிறது. அங்குள்ள நெறிகட்டிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, எடுக்கும்போது பாதை அறுபடுகிறது. கதிர்வீச்சோ எஞ்சிய குழாய்களைச் சுற்றித் தழும்பை உண்டாக்கி அவற்றை இறுக்குகிறது, புதிய கிளைகள் முளைப்பதையும் தடுக்கிறது. மீந்த குழாய்கள் சில ஆண்டுகள் ஈடுகொடுத்துவிட்டுப் பின்னர் தளர்வதும் உண்டு என்பதால்தான் வீக்கம் இவ்வளவு தாமதமாகவும் வருகிறது.

நீர் பிரியும் மாத்திரை நீரை மட்டுமே வெளியேற்றும். தேங்கிய புரதம் அங்கேயே இருந்து மறுபடியும் நீரை இழுத்துக்கொள்ளும். கும்பகோணம் பக்கமெல்லாம் தலைமுறைகளாக யானைக்காலைக் கண்டவர்கள் நாம், ஆகவே அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் அது கொசு பரப்பும் புழுவால் வருவது, அந்த மாத்திரை புழுவைக் கொல்வதற்கானது. அம்மாவின் கையில் அடைப்புக்குக் காரணம் புழு இல்லையென்றால் அதனால் என்ன பயன்?

உரிய சிகிச்சை வேறு: பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு, அடுக்கடுக்கான அழுத்தக் கட்டு, பிறகு கைக்கு அளவெடுத்த, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை, கட்டோடு செய்யும் பயிற்சி, தோல் பராமரிப்பு. அழுத்தித் தேய்க்கும் எண்ணெய் மசாஜ் இதற்கு ஆகாது. அமுக்கினால் குழி விழும் நிலையிலேயே தொடங்கிவிட்டால் பலன் நன்றாகக் கிடைக்கும். நாள்பட்டால் நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும்.

மறுமொழி (மயிலாடுதுறை)
எனக்கும் இதே வீக்கம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, தங்கை. கை முழுவதும் சரியாகிவிடவில்லை, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. ஒருமுறை களையெடுக்கும்போது விரலில் பட்ட சிறு கீறலைப் பொருட்படுத்தாமல் விட்டேன். அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டு முழங்கை வரை சிவந்து, மருத்துவமனையில் தங்கி நரம்பு வழியாக ஊசி போட வேண்டியதாயிற்று. அப்படிச் சிவப்பும் காய்ச்சலும் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
நாளை மறுநாள் அறுவை செய்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். அம்மா இனி வயல் வேலையே செய்யக்கூடாதா?

மறுமொழி (இயன்முறை மருத்துவர், தஞ்சாவூர்)
அப்படியில்லை. கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான் கெடுதல், ஏனெனில் தசை சுருங்கி விரியும்போதே நிணநீர் நகர்கிறது. வீக்கம் குறைந்த பின், சேற்றில் இறங்கும்போது ரப்பர் உறை அணிந்து, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாலையில் கையைக் கழுவித் துடைத்துக் கீறல் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.