பொருள்: குளிர்பதன வேலையில் வரும் ரெகவரி, ரீசைக்கிள், ரீக்ளெய்ம் – மூன்றுக்கும் தமிழ் வேண்டும்

அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம். ஐ.டி.ஐ. குளிர்பதன மாணவர் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. அமெரிக்கச் சான்றுத் தேர்வு பற்றிய பாடத்தில் நிற்கிறேன். அங்கே தூய காற்றுச் சட்டம் 608ஆம் பிரிவின்படி சான்று பெறாதவர் குளிரூட்டும் கேஸ் உள்ள எந்திரத்தைத் திறக்கக் கூடாது. பொதுத் தாளில் 25 கேள்விக்கு 18 சரியாக வேண்டும். அதன்மேல் 5 பவுண்டுக்கு மிகாத கேஸ் கொண்ட சிறு கருவி, உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் என எந்திரத்துக்கேற்ப மூன்று வகைச் சான்று. மாநில உரிமம் இதனினும் வேறு. எனவே 'சான்று', 'உரிமம்' இரண்டையும் பிரித்துவிட்டேன்.

சிக்கல் வினைகளில்தான். ரெகவரி, கேஸை வெளிச் சிலிண்டரில் எடுத்து வைப்பது. ரீசைக்கிள், எண்ணெயைப் பிரித்து ஃபில்டர் டிரையர் என்னும் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி வழியே ஓட்டி ஈரமும் அமிலமும் குறைப்பது. ரீக்ளெய்ம், ஏ.எச்.ஆர்.ஐ. 700 என்னும் கேஸ் தூய்மைத் தரத்துக்குச் சுத்திகரித்துச் சோதனையில் உறுதிசெய்வது. எடுத்த கேஸை அதே உரிமையாளரின் எந்திரத்தில் ஏற்றலாம். வேறொருவருக்கு விற்க ரீக்ளெய்ம் கட்டாயம். எல்லாவற்றுக்கும் 'மீட்பு' என்றால் மாணவர் விடையைத் தவறவிடுவார்.

செவ்வாய்பேட்டையிலிருந்து:
மீட்பு, மறுசுழற்சி, புடமிடல். இங்கே பழைய கொலுசை உருக்கி, டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்த பிறகுதானே வெள்ளிக்கு விலை? ரீக்ளெய்மும் அதுதான்.

கன்னங்குறிச்சியிலிருந்து:
புடம் வடசொல், ஐயா. தீயில் இடுவதும்கூட. ஆர்-32 போன்ற எரியக்கூடிய கேஸுக்கு அந்தச் சொல் ஆபத்து. துலங்கு, துலக்கு என வரும் 'துலக்கம்' இருக்கிறதே. 'மீட்பு' சரிதான்: மீள் + பு மீட்பு ஆவது கேள் + பு கேட்பு ஆவதைப் போல.

ஏற்காட்டிலிருந்து:
துலக்குவது பாத்திரத்தின் மேலழுக்கை, அம்மா. கேஸில் கலந்த ஈரத்தை அது சொல்லாது. மெக்கானிக் காதில் ஏறாத சொல் எதற்கு? இன்னொன்று: கேஸை எடுக்கும்போது எட்ட வேண்டிய அளவாகப் பாடத்தில் வரும் '10 அங்குல வெற்றிடம்' கடல்மட்டத்தின் 29.9 அங்குலப் பாதரசத்திலிருந்து கணக்கிட்டது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ 25 அங்குலம். அங்கே சுழியத்தில் வைத்த கேஜ் 5 காட்டும்போதே அந்த அளவு வந்துவிடும். இதை அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
சேர்க்கிறேன். மீட்பு, மறுசுழற்சி, தரமீட்பு என்று முடிக்கிறேன். நம் குழு ஐவரில் மூவர் ஒப்பினர். முதல்முறை வரும் இடத்தில் ரெகவரி, ரீசைக்கிள், ரீக்ளெய்ம் என்று பக்கத்திலேயே இருக்கும்.

கன்னங்குறிச்சியிலிருந்து:
'தர' என்பதைக் 'கொடுக்க' என்றும் படிப்பார்கள். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசியாக வேண்டும்.