ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட்: சாவு "பாதி"யாச்சா, இல்லையா?

வடசேரி வாத்தியார்: நேத்து நாகர்கோவில்ல ஒரு மருத்துவ ஆய்வு உரைக்குப் போயிருந்தேன். ஆபரேஷன் நேரத்துல, உலக சுகாதார நிறுவனம் குடுத்த 19 விஷயம் உள்ள ஒரு செக்லிஸ்ட் தாளை வாசிச்சு சரிபார்த்தா சாவு பாதியாகும்னு பேசினவர் அடிச்சுச் சொன்னார். ஆதாரமா 2009-ல வந்த ஆய்வைக் காட்டினார். 8 ஊர்ல 8 ஆஸ்பத்திரி, டெல்லியும் உண்டு. சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8. ஓய், 1.5-ல பாதி 0.75! மேடையில நின்னு இப்படியா கணக்குச் சொல்லுவாங்க?

தக்கலை சிஸ்டர்: வாத்தியாரே, 0.05-க்கா இந்தக் கோவம்? நான் 31 வருசம் தியேட்டர்ல நின்னவ. அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதினீங்களா? மயக்கம் குடுக்கதுக்கு முன்னால, கத்தி வைக்கதுக்கு முன்னால, ஆள வெளிய கொண்டுபோறதுக்கு முன்னாலன்னு மூணு தடவை நின்னு கேக்கணும். ஆள் யாரு, எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா, மாப் (ரத்தம் ஒத்துத துணி) எண்ணிக்கை சரியா.

வடசேரி வாத்தியார்: அதெல்லாம் சரி. பாதி இல்ல.

ஆசாரிபள்ளம் மாணவன்: சார் சொல்லுறதுல நியாயம் இருக்கு. 2014-ல இதே தாளைப் பத்தி கனடாவுல ஒன்டாரியோ மாகாணக் கணக்கு வந்துது. 101 ஆஸ்பத்திரி. சாவு 0.71 சதவீதத்துல இருந்து 0.65. அந்த வித்தியாசம் தற்செயலாவும் இருக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க.

தக்கலை சிஸ்டர்: தம்பி, அங்க தாளை சும்மா டிக் போட்டு நிரப்பினாங்களா, வாய்விட்டு வாசிச்சாங்களா? நிரப்புத வேலை எனக்கும் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவுக்கு வயித்துல தையல் போடுததுக்கு முன்னால "மாப் ஒண்ணு குறையுது சார்"னு சொன்னேன். "எனக்கு நீ சொல்லித் தாறியா"ன்னு எல்லாரு முன்னாலயும் டாக்டர் கத்தினார். நான் விடல. வயித்துக்குள்ளதான் கெடந்துது. மறுநாள் என்னை வார்டுக்கு மாத்தினாங்க. உங்க சதவீதத்துல அந்த அம்மா எங்க வருவா?

குளச்சல்காரன்: அந்தக் காலத்துல நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில இருந்த இங்கிலீஷ்கார சாமர்வெல் டாக்டர் எந்தத் தாளை வச்சு அறுத்தாரு? வயித்துப்புண் வந்த எத்தனை பேரைக் காப்பாத்தினாரு! 1924-ல எவரெஸ்ட்ல, உச்சி வரைக்கும் இல்லன்னாலும், ஆக்சிஜன் இல்லாம ஏறின மனுசன். கைராசி வேணும்.

மார்த்தாண்டம் பையன்: அவரு திருவிதாங்கூர் டாக்டர் அண்ணாச்சி. எப்ப பாத்தாலும் நம்ம ஆளுன்னு தூக்கிட்டு வாறது.

குளச்சல்காரன்: நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ந்த 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்க தாத்தாவும் திருவிதாங்கூர்தாம்ல! நெய்யூர் எங்க இருக்கு? கல்குளத்துல. போன மாசம் மீன் விலைக்கும் நீதான் இப்படி வந்து நின்ன.

தக்கலை சிஸ்டர்: ரெண்டு பேரும் அந்தச் சண்டையை வேற எங்கயாவது வச்சுக்கோங்க. கைராசின்னு சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லுதேன். நல்ல கை உள்ள டாக்டருக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு, அஞ்சாவது கேஸ்ல மறக்கும். அதுக்குத்தான் தாள். 1.5, 0.8 ஆச்சுன்னா 47 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதைப் பாதின்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்? ஆபரேஷனுக்குப் பின்னால வாற சிக்கலும் 11 சதவீதத்துல இருந்து 7 ஆச்சு, அதை ஏன் விட்டீங்க?

வடசேரி வாத்தியார்: 47, 50 ஆகாது சிஸ்டர். தவிர, அந்த 2009 ஆய்வுல தாள் வாறதுக்கு முன்னால 3,733 பேர், பின்னால 3,955 பேர்னு வேற வேற ஆள்கள். அதே நேரத்துல தாள் இல்லாம ஆபரேஷன் நடந்த இன்னொரு கூட்டத்தோட ஒப்பிடவே இல்ல.

தக்கலை சிஸ்டர்: ஒப்பிட்டுப் பாக்கதுக்காக யாரு வயித்துல மாப்பை எண்ணாம விடச் சொல்லுதீங்க?

வடசேரி வாத்தியார்: நான் அப்படிச் சொல்லல. பாதி இல்லன்னுதான் சொன்னேன்.