கொரிந்தியர் நிருபத்தின் எட்டாம் அதிகாரமும் ஒரு டப்பா பஞ்சாமிர்தமும்

செந்தூல் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஒரு வேதபாடக் கூட்டம் நடக்கிறது. வருகிறவர்கள் 11 பேர்; மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கர் என்று மூன்று தரப்பினரும் இருக்கிறோம். போதகர் யாரும் நடத்துவதில்லை. ஆளுக்கொரு வாரம் என்று நாங்களே முறைவைத்துக்கொள்கிறோம். சென்ற ஆகஸ்டு மாதத்தில், அப்போஸ்தலரான பவுல் கொரிந்தியருக்கு (கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையாருக்கு) எழுதின முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, தொடங்கினோம். ஒவ்வொரு வசனமாக வாசித்து, "இதில் நமக்கு என்ன பாடம்?" என்று அங்கங்கே நிறுத்திக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஏழாம் அதிகாரம் முடியும்வரை பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை.

எட்டாம் அதிகாரம், விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட உணவைப் பற்றியது. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறார்; பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர், குடும்பத்தில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். தைப்பூசத்துக்குப் பத்துமலை சென்றுவந்த அம்மா கொடுத்த பஞ்சாமிர்தத்தைத் தாம் சாப்பிட்டதாகவும், விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுலே சொல்லிவிட்ட பிறகு அதில் தமக்குத் தயக்கம் எதுவும் இல்லை என்றும் அவர் சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். மிச்சத்தை ஒரு சிறிய டப்பாவில் கொண்டுவந்திருந்தவர், அதன் மூடியைத் திறந்து மேசையின் நடுவில் வைத்தார். எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர், தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் விசுவாசத்துக்கு வந்தவர், தம் வேதாகமத்தை மூடிக் கைப்பையில் வைத்தார். பையின் ஜிப்பை இழுத்துவிட்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதன்பின் நடந்தது வேதபாடமன்று, வழக்காடல். ஒருவர், படையல் உணவை விலக்கச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஐ எடுத்தார். இன்னொருவர், அதையே கடிந்துகொள்ளும் வெளிப்படுத்தல் 2-ஐ எடுத்தார். தம்பியோ, கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்னும் அதே நிருபத்தின் 10:25-ஐ விடாமல் பிடித்துக்கொண்டார். பிரசாதம் சாப்பிடலாமா என்று நான் இங்கே தீர்ப்புக் கேட்கவில்லை. வேறொரு காலத்தில் வேறோர் ஊராருக்கு எழுதப்பட்ட கடிதத்தை, ஆளுக்கொரு வசனத்தைப் பிய்த்துக்கொண்டு போகாதபடி, நம் வாழ்க்கைக்கு ஆகும்படி படிக்க முறை ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த், எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் கத்தோலிக்கன். நீங்கள் நிருபம் என்பதை எங்கள் திருவிவிலியம் திருமுகம் என்கிறது. அந்தச் சொல்லில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருப்பதாக நான் எப்போதும் எண்ணுவதுண்டு. பழந்தமிழில் திருமுகம் என்றால் மன்னரோ பெரியோரோ விடுக்கும் ஓலை. ஓலை வந்தால் சபையைக் கூட்டி, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தொடக்கம் முதல் கையெழுத்துவரை கேட்பார்கள். இன்றைக்கு இரண்டு வரி, அடுத்த வெள்ளிக்கு இரண்டு வரி என்று யாரும் எடுத்துவைத்துக்கொண்டதில்லை. கொரிந்தியரும் இதை அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நாம் நம்பியிருக்கும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது; புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் பிரெஞ்சு அச்சகரான ராபர்ட் எஸ்தியேன் இட்டவை. தேடி எடுக்க அவை உதவும். ஆனால் வாதத்தை நடுவில் வெட்டவும் செய்யும். படையல் உணவைப் பற்றிய பவுலின் விடை 8:1-இல் தொடங்கி 11:1-இல்தான் முடிகிறது. "என்னைப் பின்பற்றுங்கள்" என்ற அந்தக் கடைசி வரி அடுத்த அதிகாரத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டதால், எதில் அவரைப் பின்பற்றுவது என்பதே பலருக்கு விளங்குவதில்லை.

இடையிலுள்ள ஒன்பதாம் அதிகாரத்தைப் பாருங்கள். உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தம் ஊழியத்துக்குக் கூலி பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறார். வசனம் வசனமாகப் போகிறவர்களுக்கு இது வழிமாறிப் போனதாகத் தோன்றும். பல குழுக்கள் இதைப் போதகர் சம்பளத்துக்கான பகுதியாக மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. ஒரே இருப்பில் வாசித்தால் விளங்கும்: "எனக்கு உரிமை இருக்கிறது, உங்களுக்காக அதை நான் பயன்படுத்தவில்லை" என்று தம்மையே சான்றாக நிறுத்தி, உணவில் உரிமை பேசுகிறவர்களுக்கு விடை சொல்கிறார்.

இன்னொன்று. கி.பி. 54 அல்லது 55 அளவில் எபேசுவிலிருந்து எழுதப்பட்ட இந்தக் கடிதம் ஒரு பதில். குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வாய்மொழியாகச் சில செய்திகளைக் கொண்டுபோயிருந்தார்கள். கொரிந்தியரும் கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார்கள் என்பது 7:1-இல் தெரிகிறது. போன ஓலை நம்மிடம் இல்லை, வந்த பதிலோலை மட்டும் இருக்கிறது. அதனால் அவர்களுடைய சொற்கள் எவை, பவுலின் சொற்கள் எவை என்று நாம்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்; கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது. "நம்மெல்லாருக்கும் அறிவு உண்டு", "விக்கிரகம் ஒன்றுமில்லை", "எல்லாவற்றிற்கும் அதிகாரமுண்டு" ஆகியவை கொரிந்தியர் பெருமையோடு எழுதியனுப்பிய வாசகங்கள் என்றும், பவுல் அவற்றை எடுத்துச் சொல்லித் திருத்துகிறார் என்றும் உரையாசிரியர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உங்கள் தம்பி "பவுலே சொன்னார்" என்று சொன்னது, பவுல் திருத்த முயன்றவர்களின் பேச்சாக இருக்கலாம். ஐம்பது வயதுவரை நானும் அதே பேச்சைப் பேசியவன்தான்.

அடுத்த வெள்ளியன்று விவாதமே வேண்டாம். 8:1 முதல் 11:1 வரை ஒருவர் எழுந்து நின்று நிதானமாக வாசிக்கட்டும். தேநீருக்குப் பிறகு இன்னொருவர் மறுபடியும் வாசிக்கட்டும். பாடம் என்ன என்று கேட்பதை அதற்கடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் விசுவாசி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்லும் வாசிப்பு முறையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆயினும் அந்த அக்காவின் பக்கமும் யாராவது பேச வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 15-இல், எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்தவர்களுக்கு எழுதியனுப்பியதும் ஒரு கடிதமே; அது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றுக்கு விலகியிருக்கச் சொல்கிறது. வெளிப்படுத்தல் நூலில் பெர்கமு, தியத்தீரா என்ற ஊர்களின் சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் இதே காரியத்தைக் கடிந்துகொள்கின்றன. அப்போஸ்தலரின் போதனை என்ற பெயரில் வழங்கும் திதாகே என்னும் பழைய சிறுநூல், உணவு விதிகளில் முடிந்ததைத் தாங்கிக்கொள் என்று இளகிப் பேசிவிட்டு, படையல் உணவில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாயிரு என்று இறுக்குகிறது. அன்றைய சபைகளில் பெரும்பாலானவர்கள் கண்டிப்பின் பக்கம் நின்றார்கள் என்றே நான் படித்தவரையில் தெரிகிறது. நம் பெற்றோர் கோவிலை விட்டு வந்தபோது சொந்தபந்தம் முழுவதும் அவர்களை ஒதுக்கியது. அந்த விலையைக் கொடுக்காத தலைமுறை "சாப்பாடுதானே" என்று சொல்வது எளிது.

பிரிக்பீல்ட்ஸ் இறையியல் மாணவி எழுதியது:

கிள்ளான் அண்ணன் சொன்ன சான்றுகள் சரியானவை. அவற்றை மறைத்துவிட்டுக் கொரிந்தியரை மட்டும் படிப்பது நேர்மையாகாது. ஆனால் இந்தக் கடிதத்துக்குள்ளேயே பவுல் மூன்று இடங்களைப் பிரித்துப் பேசுவதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, கோவில் பந்தி. கொரிந்துவில் அஸ்கிலேப்பியஸ் என்ற கிரேக்க மருத்துவத் தெய்வத்தின் கோவிலை அகழ்ந்தபோது மூன்று விருந்தறைகள் வெளிப்பட்டன. ஒவ்வோர் அறையிலும் 11 பேர் சாய்ந்திருந்து உண்ண இடம் இருந்தது. செந்தூல் வாசகியின் கூட்டம் முழுவதும் ஓர் அறையில் கச்சிதமாக அடங்கிவிடும்! இத்தகைய பந்தியைப் பவுல் ஏற்கவில்லை. கர்த்தருடைய மேசையையும் அந்த மேசையையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்று 10:21-இல் முடித்துவிடுகிறார். இரண்டாவது, சந்தை. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார். சௌகிட் சந்தையில் கோழி வாங்கும்போது நாமும் விசாரிப்பதில்லை. மூன்றாவது, விசுவாசியாதவர் வீட்டு விருந்து. அழைத்தால் போங்கள், வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகும் நமக்கு இது தெரிந்த காட்சி. ஆனால் அங்கே ஒருவர் "இது படைக்கப்பட்டது" என்று சொன்னால், சொன்னவர் நிமித்தம் சாப்பிட வேண்டாம் என்கிறார்.

இந்த மூன்றாம் இடத்தில் ஒரு சிறிய சொல் வேறுபாடு உண்டு. எட்டாம் அதிகாரத்தில் வரும் கிரேக்கச் சொல் "ஏய்தோலோதுத்தோன்"; விக்கிரகத்துக்குப் படைத்தது என்ற, வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். 10:28-இல் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இருப்பது "ஹியெரோதுத்தோன்". தெய்வத்துக்குப் படைத்த புனிதப் பொருள் என்ற, வழிபடுகிறவரே சொல்லக்கூடிய சொல். பிற்காலப் படிகள் பலவற்றில் இது முந்திய சொல்லாக மாறிவிட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பும் அதைத் தழுவியதால் இரண்டிடத்திலும் ஒரே சொல்லாகப் படிக்கிறோம். தமிழில் சொல்வதானால், விருந்து மேசையில் ஒருவர் "இது பிரசாதம்" என்று மரியாதையோடு சொல்கிறார். இதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: தம்பியின் அம்மா அந்த டப்பாவைக் கொடுக்கும்போது என்ன சொன்னார்?

எட்டாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் "பலவீனர்" என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சபைகளில் இந்தச் சொல்லை, மனம் புண்பட்டவர், கோபித்துக்கொண்டவர் என்று பொருள்கொண்டுவிடுகிறோம். யார் உரக்கக் கோபிக்கிறாரோ அவர் விருப்பப்படி எல்லாரும் நடக்க வேண்டும் என்று அது முடிகிறது. பவுல் சொல்லும் பலவீனர் வேறு. பல காலம் அந்த வழிபாட்டில் பழகியவர். இன்னொருவர் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் துணிந்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சாப்பிட்டுவிடக்கூடியவர்.

செந்தூல் வாசகி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவின் வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேச வேண்டிய சொற்களை எல்லாம் ரயிலிலேயே அடுக்கிவைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் கோபமாக இல்லை. டப்பாவின் மூடி திறந்தபோது வாழைப்பழமும் ஏலக்காயும் நெய்யும் கலந்த அந்த மணம் தம்மைத் தோட்டத்துக் கோவில் வாசலுக்கே கொண்டுபோய்விட்டதென்றும், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கை துடித்ததென்றும், அதற்குப் பயந்துதான் எழுந்து வந்ததாகவும் சொன்னார். "அந்தப் பையனுக்கு அது வெறும் பழம். எனக்கு அப்படி இல்லைம்மா" என்றார். பிரிக்பீல்ட்ஸ் சகோதரி எழுதியிருந்ததை அப்போது நான் இன்னும் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்தபோது கொஞ்ச நேரம் கைப்பேசியை வைத்துவிட்டேன்.

அவரிடம் அனுமதி கேட்டு, இதைத் தம்பியிடம் மட்டும் சொன்னேன். சகோதரியின் கேள்வியையும் கேட்டேன். அம்மா கொடுக்கும்போது, "ஐயா, இது சாமிக்கு வெச்சது, உனக்கு ஆகாதுன்னா விட்டுடு" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அதைக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, 10:28-ஐத் தாம் அதுவரை வாசித்திருக்கவில்லை என்றார், 10:25-ஓடு நின்றுவிட்டாராம்.

சென்ற வெள்ளியன்று ஆசிரியர் ஐயா சொன்னபடி 8:1 முதல் 11:1 வரை வாசித்தோம். முதல் தடவை தம்பி வாசித்தார். இரண்டாம் தடவைக்கு அக்கா தாமாகவே எழுந்தார்; கண்ணாடியை மறந்து வந்துவிட்டதால் என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, பத்தாம் அதிகாரத்தில் இரண்டு முறை தடுமாறி, முடிவுவரை வாசித்தார். விவாதம் செய்யவில்லை. கிள்ளான் அண்ணன் காட்டிய பகுதிகளை வரும் வாரம் சேர்த்துப் படிக்கப் போகிறோம். பெர்கமுவின் நிலையும் கொரிந்துவின் நிலையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் லுத்தரன் நண்பர் குறித்துவைத்திருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. அடுத்த முறை அம்மா கொடுத்தால் மறுப்பதா, மறுத்தால் எந்தச் சொல்லில் மறுப்பது என்று தம்பி கேட்கிறார். அவருடைய அம்மா தமிழ்ப்பள்ளி மட்டும் படித்தவர். மகன் தம் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் அவருக்குத் தெரியும். வீட்டில் தனியாகக் கிறிஸ்தவராக இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், நீங்கள் உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.